இருபத்துநான்கு மஞ்சள் கைகள்

அத்தியாயம் 4

வந்தவள் உட்காரவில்லை. நாற்காலியைக் காட்டினேன், மின்விசிறியைக் கூட்டினேன், தண்ணீர் கொடுத்தேன். தண்ணீரை மட்டும் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, "மூணு மணிக்கு என்னைத் திருடின்னு எழுதிக் கையெழுத்துப் போடப் போறாங்க," என்றாள்.

அப்போது மணி பதினொன்று.

எங்கள் துப்பறியும் நிலையத்தில் மொத்தம் இரண்டே பேர். ஒருவர் என் அண்ணி. பதினெட்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் இல்லாதவன் எப்படியெல்லாம் தூங்குவான் என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அந்த அலுப்பையே தொழிலாக்கிக்கொண்டவர். இன்னொருவன் நான், அவருடைய கொழுந்தன். கார் ஓட்டுவது, குறிப்பெடுப்பது, அண்ணி யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது, இவை மூன்றும் என் வேலை. முதல் இரண்டும் எனக்கு நன்றாக வரும்.

"திருடினீங்களா?" என்றார் அண்ணி.

"இல்ல மேடம்."

"அப்ப உட்காருங்க. திருடினவங்கதான் ஓடறதுக்கு வசதியா நின்னுக்கிட்டே பேசுவாங்க."

அவள் சட்டென்று உட்கார்ந்தாள்.

ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் பதினான்கு வருஷமாக பார்மசிஸ்ட். கம்பெனி புதிதாக ஒரு வெயில் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவர இருக்கிறது.

"அதைச் சாப்பிட்டா வெயில் அடிக்காதா?" என்று கேட்டேன்.

"வெயில் அடிக்கும் சார். தோல் கொஞ்சம் கூடுதலாத் தாங்குமான்னு பார்க்கறோம். கேரட்டுல இருக்கற சத்து, தக்காளில இருக்கற சத்து, ஒரு செடியோட சாறு, அவ்வளவுதான். இதைச் சாப்பிட்டாலும் தொப்பியைக் கழட்டாதீங்க, க்ரீமை நிறுத்தாதீங்கன்னு டப்பாவுலயே போட்டிருக்கு."

"அப்ப தொப்பி மட்டும் போட்டுக்கிட்டா..."

"கொழுந்தனாரே," என்றார் அண்ணி. அந்த ஒரு சொல்லுக்குப் பல அர்த்தம் உண்டு. இப்போதைய அர்த்தம், வாயை மூடு.

பார்மசிஸ்ட் கதையைச் சொன்னாள். சாலையில் கோடு போடுகிற ஒரு குழு. பன்னிரண்டு ஆட்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை தார்மேல் நிற்கிறவர்கள். அவர்களில் ஆறு பேருக்கு நிஜ மாத்திரை, ஆறு பேருக்கு உள்ளே வெறும் மாவு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே பழுப்புக் கேப்சூல் கூடு. யாருக்கு எது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். டாக்டருக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. டாக்டர் மாதம் ஒருமுறை பன்னிரண்டு முதுகுகளிலும் சின்னச் சின்னக் கட்டமாக விளக்கடித்து, மறுநாள் எது சிவந்தது என்று குறித்துக்கொள்வார்.

"பன்னிரண்டு வாரம் முடிஞ்சுது. நிஜ மாத்திரை ஆறு பேருக்கும் மாவு ஆறு பேருக்கும் ஒரு துளி வித்தியாசம் இல்ல."

"அப்ப மாத்திரை வேலைக்கு ஆகல," என்றேன்.

"அதை முதலாளி ஒத்துக்குவாரா? விளம்பரப் பலகையெல்லாம் அடிச்சு வெச்சுட்டார். என் பட்டியலை வாங்கிப் பார்த்து, திரும்பி வந்த பாட்டில்கள்ல மூணாம் நம்பரைத் திறந்தார். அது நிஜ மாத்திரை பாட்டில். ஒரு கூட்டை உடைச்சா உள்ள மாவு. எல்லாருக்கும் மாவைக் கொடுத்துட்டு நிஜத்தை வெளிய தள்ளிட்டேன்னு சொல்லிட்டார். மாத்திரை தோத்துப்போச்சுன்னு சொல்றதைவிட மனுஷி திருடின்னு சொல்றது அவருக்கு லேசா இருக்கு."

"எத்தனை கூடு உடைச்சார்?"

"ஒண்ணு."

"மத்த பாட்டில்?"

"தொடல. பூட்டி வெச்சுட்டார்."

"ஒருத்தன்கிட்ட டிக்கெட் இல்லன்னு ரயிலையே நிறுத்தின கதை," என்றார் அண்ணி. "புகார் போனா என்ன ஆகும்?"

"என் பார்மசிஸ்ட் பதிவையே ரத்து பண்ணிடுவாங்க. அப்புறம் ஒரு சின்ன மருந்துக்கடைலகூட நான் நிக்க முடியாது." அவள் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "எனக்கு வேற எதுவும் தெரியாது மேடம். பதினாலு வருஷத்துல ஒரு மாத்திரை எண்ணிக்கை தப்பினதில்ல. இப்பகூடத் தப்பல. ஒவ்வொரு பாட்டில்லயும் தொண்ணூத்தி நாலு போட்டேன். எம்பத்தி நாலு நாளைக்கு எம்பத்தி நாலு, மறந்தாங்களான்னு பார்க்க உபரியாப் பத்து. சரியாப் பத்து மிச்சம் வந்துச்சு."

"யார் பாட்டில்ல?"

"எல்லார் பாட்டில்லயும்." அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அண்ணி என் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணனுக்கு டாக்டர் அஞ்சு நாள் மாத்திரை கொடுத்தா என்ன நடக்கும்?"

"ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடுவான். மூணாம் நாள் மறப்பான். நாலாம் நாள் ரெண்டாப் போட்டுக்குவான். அஞ்சாம் நாள் பாட்டிலைக் காணோம், நீதான் எடுத்தேம்பான்."

"பன்னிரண்டு ஆம்பளைங்க. எம்பத்தி நாலு நாள். ஒருத்தன் ஒரு நாள்கூட மறக்கல." அண்ணி எழுந்து நின்றார். "சரி, இந்த மாத்திரையைச் சாப்பிட்டவன்னு பார்த்தவுடனே தெரியற மாதிரி ஏதாவது உண்டா?"

பார்மசிஸ்ட் யோசித்தாள். "உள்ளங்கை மஞ்சளா ஆகும். கேரட் சத்து நாள்கணக்கா உள்ள போனா அப்படித்தான். ஒண்ணும் பண்ணாது, நிறுத்தினா மெல்லப் போயிடும். இவங்க நிறுத்தி ஒரு வாரம்தான் ஆகுது."

"டாக்டர் அதைப் பார்க்கலயா?"

"அவர் முதுகை மட்டும்தான் பார்த்தார் மேடம். அதுவும் போக, ரோட்டுல மஞ்சள் கோடு போடறவன் கை மஞ்சளா இருந்தா யார் கவனிப்பா?"

"நாங்க கவனிப்போம். ஒரு கைகூட மஞ்சள் இல்லன்னா நீங்க திருடி. ஆறு ஜோடி மஞ்சள்னா உங்க முதலாளி அவசரக்குடுக்கை. கொழுந்தனாரே, வண்டியை எடுங்க."

*

உச்சி வெயில். பாதிச் சாலையை அடைத்துக் கூம்புகள் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பேர் குனிந்து, பாதசாரிகள் கடக்கிற பட்டைகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காரைவிட்டு இறங்கிய நிமிஷமே என் செருப்பு தாரில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் கழுத்தைப் பார்த்தேன். தோல் உரிந்து, அதன்மேல் மறுபடி கருகி, மறுபடி உரிந்திருந்தது. மாத்திரையைக் கிண்டல் செய்ததற்காகக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மேஸ்திரி ஒல்லியான மனிதர். வாயில் விசில், கையில் நூல்கண்டு. நூலைச் சுண்டி அவர் விட்ட கோட்டைப்போல என் வாழ்க்கையில் எதுவும் அத்தனை நேராகப் போனதில்லை.

"மஞ்சள் பெயிண்ட் இருக்கா அண்ணே?" என்றார் அண்ணி.

"மூணு வாரமா வெள்ளை வேலைதாம்மா. மஞ்சள் டின்னைத் திறக்கவே இல்ல. ஏன், வேணுமா?"

"வேண்டாம். நான் கைரேகை பார்க்கறவ. வழில போறப்ப உங்க ஆளுங்க கையைப் பார்த்தேன். அபாரமான கைங்க."

அண்ணிக்குக் கைரேகையும் தெரியாது, கால்ரேகையும் தெரியாது. ஆனால் விசிலுக்கு முன்பே ஒருவன் வந்து நின்றுவிட்டான். ஆறடிக்கு மேல் உயரம். குழுவில் அவனுக்கு நெட்டை என்றே பெயர்.

"என் வீட்ல சண்டை எப்பத் தீரும்னு பார்த்துச் சொல்லுங்கம்மா."

"முதல்ல கையைத் துடைங்க, ரேகை தெரியட்டும்." அண்ணி மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அவன் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்தார். வெள்ளைப் பெயிண்ட் போனது. அடியில் மஞ்சள் இருந்தது. மறுபடி தேய்த்தார். மஞ்சள் போகவில்லை. "உங்களுக்குப் பின்கழுத்துல எரிச்சல் இருக்கு."

"ஐயோ, கரெக்ட்டும்மா!"

கண் தெரிந்த யாரும் அதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஆட்கள் வரிசைகட்டி நின்றுவிட்டார்கள். அண்ணி துடைத்தார், பார்த்தார், வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஒருவனுக்கு வெளியூர்ப் பயணம், ஒருவனுக்கு மாமியார் கண்டம். நான் பின்னால் நின்று குறித்தேன். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். ஆறு வந்ததும் நிம்மதியாகப் பென்சிலைச் சட்டைப்பையில் செருகினேன். ஏழாவது கையும் மஞ்சளாக வந்தது. பென்சிலை மறுபடி எடுத்தேன். கடைசியாக மேஸ்திரி நீட்டியதும் மஞ்சள்தான்.

அண்ணியைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன். "பன்னிரண்டு!"

"எனக்கும் கண் இருக்கு."

"அப்ப அந்தம்மா எல்லாருக்கும் நிஜத்தையே கொடுத்துட்டாங்க. திருடி இல்ல, வள்ளல்."

"மூணாம் நம்பர் பாட்டில்ல மாவு எப்படி வந்துச்சு, வள்ளலோட வக்கீலே?"

பென்சிலை மறுபடி சட்டைப்பையில் செருகினேன்.

"இன்னொண்ணு கவனிச்சீங்களா? ஒருத்தன் கைகூட அதிகமா மஞ்சள் இல்ல, குறைவா மஞ்சள் இல்ல. பன்னிரண்டு பேரையும் ஒரே டின்ல முக்கி எடுத்த மாதிரி இருக்கு."

மேஸ்திரி விசில் ஊதினார். சாப்பாட்டு நேரம். பக்கத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது. அவர்களுடைய சிறிய லாரி ஒன்றுதான் நிழல். அதில் ஆறு பேருக்குத்தான் இடம். ஆறு பேர் உட்கார்ந்தார்கள், ஆறு பேர் வெயிலில் உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம் கழித்து மேஸ்திரி விசில் ஊதினார். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஆறும் ஆறும் இடம் மாறிக்கொண்டன.

அப்புறம் ஒரு பெரிய பாத்திரத்தை நடுவில் வைத்து, பன்னிரண்டு பேரும் தங்கள் டப்பாக்களைத் திறந்து அதற்குள் கவிழ்த்தார்கள். காய்ந்தது, குழைந்தது, புளித்தது, இனித்தது எல்லாம் ஒன்றாக விழுந்தன. மேஸ்திரி கரண்டியால் கலக்கிப் பங்கு வைத்தார்.

"எப்பவும் இப்படியா?" என்றேன் அதிர்ச்சியோடு.

"ஒருத்தன் டப்பா நல்லா இருக்கும், ஒருத்தன் டப்பா சுமாரா இருக்கும், ஒருத்தன் கொண்டே வரமாட்டான்," என்றார் மேஸ்திரி. "கலக்கிட்டா யாருக்கும் குறை இல்ல பாருங்க."

"என் சம்சாரம் சமைச்சதை நான் மட்டும் ஏன் தனியா அனுபவிக்கணும்?" என்றான் நெட்டை.

எங்களுக்கும் பங்கு வந்தது. ஒரு வாய் வைத்தேன். நெட்டையின் வீட்டில் ஏன் சண்டை என்று புரிந்தது. அண்ணி மட்டும் ரசித்துச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே, உப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில், "மாத்திரையையும் இந்தப் பாத்திரத்துலதான் கொட்டினீங்களா?" என்றார்.

"சேச்சே, அதுக்குத் தனி டின்னும்மா," என்றான் நெட்டை.

பதினோரு கைகள் வாய்க்குப் போகிற வழியில் நின்றன. மேஸ்திரி நெட்டையைப் பார்த்த பார்வையில் தார் உருகியிருக்கும்.

அண்ணி தான் யார் என்பதைச் சொன்னார். மேஸ்திரி தட்டைக் கீழே வைத்தார்.

"தப்புத்தாம்மா. பாதிப் பேருக்கு மாவுன்னு அந்த ஃபாரத்துல போட்டிருந்துச்சு. பன்னிரண்டு பேரும் ஒரே ரோட்டுலதான் வேகறோம். எந்த ஆறு பேரை நான் மாவோட விடறது? அன்னிக்குச் சாயங்காலமே எல்லா பாட்டிலையும் ஒரே டின்ல கவிழ்த்துட்டேன். சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்கு ஒண்ணு. லீவு நாளைக்கு முந்தின நாளே காகிதத்துல மடிச்சுக் கொடுத்துடுவேன். கடைசில மிச்சத்தைப் பாட்டிலுக்குப் பத்துப் பத்தாப் போட்டுத் திருப்பிக் கொடுத்துட்டேன். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன்."

"தெரியலதான். அதனால மாத்திரைகளை எண்ணிக் கொடுத்த பொண்ணு இன்னிக்கு மூணு மணிக்குத் திருடி ஆகப்போறா."

"அந்தப் பொண்ணா?" மேஸ்திரியின் முகம் விழுந்துவிட்டது. "போறப்பல்லாம் பன்னிரண்டு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடும்மா. எங்க ஆபீஸ்லகூட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல."

"அப்ப வந்து சொல்லுங்க."

அவர் ஆட்களைப் பார்த்தார். "சோதனையை விதிப்படி முடிச்சுக் கொடுத்தா சக்கரம் வெச்ச கூடாரம் ஒண்ணு வாங்கித் தர்றேன்னு மருந்துக் கம்பெனி முதலாளி சொல்லியிருக்கார். பன்னிரண்டு பேரும் ஒண்ணா உட்காரலாம். தள்ளிக்கிட்டே போய் அதுக்கடியிலயே வேலையும் செய்யலாம். நான் வாயைத் திறந்தா அது போச்சு. எனக்கு மட்டும்னா இப்பவே வண்டில ஏறிடுவேன்."

அண்ணி வற்புறுத்தவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, "மூணு மணி வரைக்கும் யோசிங்க அண்ணே. அதுக்கப்புறம் யோசிச்சுப் பிரயோஜனம் இல்ல," என்றார்.

*

கம்பெனியின் கூட்ட அறை குளிர்ப்பெட்டிபோல் இருந்தது. நீளமான வெள்ளை மேஜை, கறுப்புக் கண்ணாடி ஜன்னல். வெயில் மாத்திரை விற்கப்போகிற முதலாளி, வெயிலையே பார்த்திராத வெளுப்பில் இருந்தார். மேஜைக் கோடியில் பார்மசிஸ்ட். முதலாளி முன்னால் தட்டச்சு செய்த புகார்.

"ரெண்டே நிமிஷம் சார்," என்றார் அண்ணி. "மூணாம் நம்பர் பாட்டில். அப்புறம் உங்க பட்டியல்படி மாவு பாட்டில் ஏதாவது ஒண்ணு. ஒரு கத்தரிக்கோல்."

எட்டாம் நம்பர் வந்தது. அண்ணி வெள்ளைக் காகிதத்தை விரித்து ஒவ்வொரு கூடாக வெட்டினார். மூணாம் நம்பரில் ஆறு வெள்ளை, நாலு செம்மஞ்சள். எட்டாம் நம்பரில் மூணு வெள்ளை, ஏழு செம்மஞ்சள்.

"மாவு பாட்டில்ல ஏழு நிஜ மாத்திரை. திருடினவ எதுக்கு சார் திருடின பொருளைக் கொண்டுவந்து திருப்பி வைக்கப் போறா?"

முதலாளி இரண்டு குவியலையும் பார்த்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார். "அப்ப திருட்டு இல்ல, அலட்சியம். பாட்டில்ல போடறப்ப மாத்திப் போட்டுட்டாங்க. புகார்ல அந்த வார்த்தையை மாத்திடறேன். பதிவு ரத்து ரத்துதான்."

பார்மசிஸ்ட் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் கையில் இருந்த சீட்டு அவ்வளவுதான். மணி மூன்று ஐந்து.

கதவு திறந்தது. பன்னிரண்டு பேர் வந்தார்கள். கம்பளம் முழுக்க வெள்ளைப் பெயிண்ட் தடம்.

மேஸ்திரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டின், காகிதம், பத்துப் பத்து. சொல்லிவிட்டு உள்ளங்கைகளை மேஜைமேல் வைத்தார். மற்ற பதினோரு பேரும் வைத்தார்கள். அந்த வெள்ளை மேஜையில் இருபத்துநான்கு கைகளும் ஒரே மஞ்சளாகத் தெரிந்தன. முதலாளி அவற்றைப் பார்த்தார், புகாரைப் பார்த்தார், சட்டென்று முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"இதை ஏன் பெரிசு பண்ணணும்? இந்தக் கதை வெளிய போனா நம்ம எல்லாருக்கும் அவமானம். அம்மா, சின்னக் கவனக்குறைவுன்னு நீங்க ஒரு கடிதம் கொடுத்துடுங்க. புகார் கிடையாது, எச்சரிக்கையோட விட்டுடறேன். வேலையும் இருக்கும். மேஸ்திரி, உங்க கூடாரம் நாளைக்கே வரும்."

இதைத்தான் சாமர்த்தியம் என்பார்கள் போலிருக்கிறது. எனக்கு அந்தக் கத்தரிக்கோல்மேல் கண் போனது. அண்ணி என் காலை மிதித்தார்.

பார்மசிஸ்ட் எதிரே நின்ற கழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். உரிந்த தோல், கருகிய தோல். மெதுவாகக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். "சரி சார். எழுதித் தர்றேன்."

"எழுதாதம்மா," என்றார் மேஸ்திரி. "வெயில் எங்களுக்குப் பழக்கம். செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போடறது உனக்குப் பழக்கமில்ல. புதுசாப் பழக வேண்டாம். கூடாரத்தை அவரே வெச்சுக்கட்டும். அந்தக் காகிதத்தை இப்படிக் கொடு, நான் எழுதறேன்."

எழுதினார். நாலே வரி. அவர் கோடு அளவுக்கு எழுத்து நேராக இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் நெட்டை பேனாவைப் பிடுங்கினான்.

"டேய், கொட்டினது நான்."

"முழுங்கினது நாங்க. எல்லாத்துலயும் பங்கு கொடுத்துட்டு இதுல மட்டும் நீங்களே முழுசா எடுத்துக்கிட்டா எப்படி மேஸ்திரி?"

பன்னிரண்டு கையெழுத்தும் விழுந்தன. கடைசியில் பேனாவை பார்மசிஸ்ட் வாங்கினாள். "கலக்கக் கூடாதுன்னு ஃபாரத்துல இருந்துச்சு. ஏன் கூடாதுன்னு நான் இவங்களுக்கு ஒரு தடவைகூட உட்காரவெச்சுச் சொல்லல. அது என் தப்பு," என்று சொல்லிப் பதின்மூன்றாவதாகக் கையெழுத்துப் போட்டாள்.

"இப்ப நான் யார் மேலதான் புகார் கொடுக்கறது?" முதலாளி கத்தினார்.

"பதிமூணு பேர் மேல கொடுங்க சார்," என்றார் அண்ணி. "கூடவே ஒரு கூட்டை உடைச்சுப் பார்த்துட்டுப் புகார் எழுதினவர் மேலயும் ஒண்ணு. பதிவாளருக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன். எனக்கு இன்னிக்கு வேற வேலை இல்ல."

முதலாளி புகாரை இரண்டாகக் கிழித்தார். அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் நாலாகவும் கிழித்தார்.

பார்மசிஸ்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேஸ்திரி தயங்கித் தயங்கி அவளிடம் வந்தார். "அப்ப மாத்திரை கேக்குதா, கேக்கலயாம்மா?"

"தெரியாது மேஸ்திரி. யார் எதைச் சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்? மூணு மாச வேலை போச்சு. முதல்லேர்ந்து மறுபடி பண்ணணும்."

"பண்ணலாம்மா, நாங்க வர்றோம். இந்தத் தடவை சத்தியமாக் கலக்க மாட்டோம். அவங்கவங்க பாட்டில் அவங்கவங்களுக்கு."

"ஆமா மேடம்," என்றான் நெட்டை. "யார் யாருக்கு மாவுன்னு மட்டும் எங்ககிட்ட ரகசியமாச் சொல்லிடுங்க. அவங்க ஆறு பேரையும் மூணு மாசமும் நிழல்லயே உட்காரவெச்சுக்கறோம்."

பார்மசிஸ்ட் அவனைப் பார்த்தாள். மேஸ்திரியைப் பார்த்தாள். பன்னிரண்டு தலைகளும் அது நியாயம்தானே என்று ஆடிக்கொண்டிருந்தன. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள், நாங்கள் படியிறங்கிக் காருக்கு வரும்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது.